ஊர் கூடிப் பழி சுமத்தும் காலத்தில் வரலாற்று நாடகம் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வாங்கப் போனவர்கள் சேதாரத்தைப் பற்றி முணுமுணுக்காமல் வீடு திரும்புவதில்லை. 'தாய் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்' என்று நம் பாட்டிகள் சொல்லிச் சிரித்த பழமொழி ஒன்று உண்டு. பெற்ற தாயின் பொன்னிலும் பொற்கொல்லன் கொஞ்சம் எடுத்துக்கொள்வான் என்று பொருள். அது யாரையாவது புண்படுத்தும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை.

எங்கள் குழு அந்தப் பழமொழியை வைத்துத்தான் ஒரு முழு நாடகத்தைக் கட்டியது. கதை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மதுரை எரிந்து, பாண்டியன் இறந்த பிறகு, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர்களைப் பத்தினிக்குப் பலி கொடுத்தான். 'ஈரைஞ்ஞூற்றுவர்' என்கிறது நீர்ப்படைக் காதை. அதாவது ஆயிரம் பேர், ஒரே பகலில். சிலம்பைத் திருடிப் பழியைக் கோவலன் மேல் போட்டவன் ஒரே ஒரு பொற்கொல்லன். பலி கொடுத்ததும் மழை பெய்தது, நோய் நீங்கியது என்று நூலின் தொடக்கத்தில் வரும் உரைபெறு கட்டுரை அமைதியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கண்ணகிக்காக அழுத நாம் இந்த வரியில் நின்றதே இல்லை.

ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு தெருவையே கொளுத்தலாம் என்று ஊர் எப்படி நம்பத் தொடங்குகிறது? அதை மேடையில் காட்ட நினைக்கும் கல்லூரிக் குழுக்களுக்கும், ஊர்த் திருவிழாவில் நாடகம் போடும் தம்பி தங்கைகளுக்கும் நாங்கள் பழகிக்கொண்ட வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: இன்றைய நிகழ்விலிருந்து ஆட்களை நீக்குங்கள்

நான் எழுதிய முதல் வரலாற்று நாடகத்தில் ஒரு மன்னன் வருவான். நடை, கை அசைப்பு, பேச்சு எல்லாம் அன்றைய அரசியல்வாதி ஒருவருடையது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஆனால் அந்த அரசியல்வாதியைப் பிடிக்காதவர்கள் மட்டும்தான் தட்டினார்கள். பிடித்தவர்கள் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்கள். யாருடைய மனதிலும் எதையும் அந்த நாடகம் அசைக்கவில்லை. முழுத் தப்பும் என்னுடையது. இன்றைய ஆளின் முகம் மேடையில் தெரிந்த கணமே கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். வரலாற்றுக்குள் போவது பயந்து ஒளிவதற்காக இல்லை. இரண்டு கட்சிக்காரனும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காக.

அதனால் முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, உங்களை உறுத்தும் இன்றைய நிகழ்வைப் பெயரே இல்லாமல் எழுதுங்கள். 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி ஞாபகம் இருக்கும். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த வயதான அம்மா ஒருவர், போளூர் பக்கம் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். இதை எழுதிவிட்டு நாலு கேள்வி கேளுங்கள். பயம் எங்கிருந்து வந்தது? எதை ஆதாரம் என்று நம்பினார்கள்? இந்தப் பயத்தால் யாருக்கு லாபம்? மாட்டிக்கொண்டவருக்குத் தப்பிக்க ஏதாவது வழி விடப்பட்டதா, விடப்பட்டால் அதன் விலை என்ன?

கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் நாடகத்தின் முதுகெலும்பாக அமையும். அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் 1692இல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 150 பேருக்கு மேல் சிறையில் போட்டார்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வாய் திறந்து பதில் சொல்ல மறுத்த கைல்ஸ் கோரி என்ற கிழவர் மேல் பாறாங்கல்லாக அடுக்கிக் கொன்றார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: 'ஆமாம், நான் சூனியக்காரிதான்' என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்கள் தூக்குக்குப் போகவில்லை. 'நான் இல்லை' என்று உண்மையைச் சொன்னவர்கள்தான் போனார்கள். ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, கூட யார் யார் என்றும் கேட்பார்கள்.

ஆர்தர் மில்லர் 1953இல் 'தி குரூசிபிள்' நாடகத்தில் பிடித்துக்கொண்டது இந்த விலையைத்தான். அப்போது அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்துகொண்டிருந்தது. விசாரணைக் குழுவின் முன் நின்றவரிடம் 'யார் யார் கூட்டத்துக்கு வந்தார்கள், பெயரைச் சொல்' என்றார்கள். சொன்னவருக்கு வேலை தங்கியது. நாடகத்தின் வசனத்தில் ஒரு செனட்டர் பெயரும் இல்லை, கம்யூனிசம் என்ற சொல்லும் இல்லை. ஆனால் அதே கேள்வி இருந்தது. 1956இல் மில்லரையே குழு கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டது. அவர் பெயர் சொல்லவில்லை. 1957இல் அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பானது, 1958இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது.

இரண்டாம் படி: காலத்தைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் தாளில் உள்ள நாலு பதில்களும் எந்தப் பழைய நிகழ்வில் பொருந்துகின்றன என்று தேடுங்கள். வெளியூருக்குப் போகவே வேண்டாம். மதுரையைச் சுற்றியே இருக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மேல் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் இறந்தார்கள். பிறப்பாலேயே குற்றவாளி என்று அரசாங்கமே எழுதிவைத்த சட்டம் அது. ஆண்கள் ராத்திரி போலீஸ் கண் முன்னால் படுத்துத் தூங்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அது நீங்கியது. எடுத்துக்கொள்ள வேண்டிய கதை, சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீர வசனம் கூடக் கூட, அது ஒரு சாதியின் பெருமைக் கதையாகச் சுருங்கிவிடும். அப்போது பக்கத்து ஊர்க்காரன் 'இது அவங்க கதை' என்று எழுந்து போய்விடுவான். ரேகை உருட்டிய எழுத்தரையும், சாட்சிக் கையெழுத்துப் போட்ட பக்கத்து ஊர்ப் பெரிய மனிதரையும் கதைக்குள் கொண்டுவந்தால் யாரும் எழுந்து போக முடியாது. அந்தக் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. போய் உட்கார்ந்து பேசாமல் ஒரு வரி எழுதாதீர்கள்.

இன்னொன்று சமணர் கழுவேற்றம். பெரியபுராணம் எண்ணாயிரவர் என்கிறது. அது நடந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. நடந்ததாகச் சொல்லப்படும் ஏழாம் நூற்றாண்டுக்கு ரொம்பப் பின்னாலும் கீழக்குயில்குடி சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன, வட்டெழுத்தில் கல்வெட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. நடந்ததா என்ற சண்டையே நாடகத்தை விழுங்கிவிடும் என்பதால் புதுக் குழுக்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

நாங்கள் பொற்கொல்லரிடம் போனதற்குக் காரணம் எளிது. சேதாரக் கோபம் இல்லாத வீடு மதுரையில் கிடையாது. பார்வையாளரின் மடியிலேயே தீக்குச்சி இருக்கிறது.

மூன்றாம் படி: மூலத்தை நாள் கணக்கில் வாசியுங்கள்

அவசரப்பட்டால் 'யானோ அரசன் யானே கள்வன்' வரைக்கும் ஓடிவிடுவோம். அது மன்னன் விழும் இடம். ஊர் விழும் இடம் அதற்கு முந்தியது, கொலைக்களக் காதையில். எங்கள் குழு அந்த ஒரு காதையை மட்டும் மூன்று வாரம் உட்கார்ந்து வாசித்தது.

பாண்டியன் அப்போது கோப்பெருந்தேவியின் ஊடலைத் தணிக்கப் போய்க்கொண்டிருக்கிறான். மனம் அங்கே இருக்கிறது. வாசலில் பொற்கொல்லன் விழுந்து கும்பிட்டு, திருடனைப் பிடித்துவிட்டேன் என்கிறான். 'கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு.' ஒரு நடை நடக்கும் நேரத்தில் ஒரு உயிர் போய்விட்டது. விசாரணை இல்லை.

காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். 'இவன் கொலைப்படு மகன் அலன்' என்று அவர்களே சொல்கிறார்கள். கூட்டத்துக்குள் சந்தேகம் எழுந்த நிமிடம் இது. இங்கே பொற்கொல்லன் என்ன செய்கிறான் பாருங்கள். சத்தம் போடவில்லை. சிரித்தபடி பாடம் நடத்துகிறான். களவு நூல் படித்தவர்களுக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டுத் துணை உண்டு என்று ஒவ்வொன்றாக விளக்குகிறான். கண்ணில் படவே இல்லையா? அதுதான் மந்திரம். திருடிய பொருளைக் கையில் காட்டிவிட்டே தப்பிப் போகிறானா? அதுதான் தெய்வ பலம். எந்தப் பக்கம் திருப்பினாலும் கோவலன் திருடன்தான். அந்த அமெரிக்கச் சேலத்தில் ஒரு பெண் 'அவளுடைய ஆவி என்னைக் கிள்ளுகிறது' என்று அலறியதை நீதிமன்றம் சாட்சியாக எடுத்துக்கொண்டதே, அதன் அண்ணன் இது. மறுக்கவே முடியாத ஆதாரம்.

அப்புறம் இளங்காவலன் ஒருவன், தான் முன்பு பார்த்த ஒரு திருடனின் கதையைச் சொல்கிறான். ஒரு கதை போதும், பயம் ஏறிவிட்டது. கல்லாக் களிமகன் ஒருவன், குடித்தவன், வாளை வீசிவிட்டான். மன்னனும் வெட்டவில்லை, பொய் சொன்னவனும் வெட்டவில்லை. கையில் வாள் இருந்தவன் வெட்டினான்.

பிறகு வழக்குரை காதையில் சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. தேவியின் சிலம்பில் இருந்தது முத்து. அந்தச் சோதனைக்குத் தேவைப்பட்டது சில நொடிகள். அதை முன்பே செய்திருக்கலாமே என்ற எண்ணம் பார்வையாளருக்கு வர வேண்டும். வசனமாக யாரும் அதைச் சொல்லக் கூடாது.

வாசித்து முடித்ததும் நடிகர்களைப் பழங்காநத்தம் பக்கம் கோவலன் பொட்டலுக்குக் கூட்டிப் போங்கள். கோவலன் வெட்டுண்ட இடம் என்று ஊர் சொல்லும் இடம் அது. அங்கே நின்று அந்தக் காதையை உரக்க வாசித்தபோது எங்கள் காவலர் வேடக்காரருக்குக் குரல் வரவில்லை. பிறகு ஒத்திகையில் அவர் அந்த வசனத்தைக் கத்துவதை நிறுத்திவிட்டார்.

நான்காம் படி: பார்வையாளரைத் தப்புச் செய்கிற பக்கம் உட்கார வையுங்கள்

இந்தப் படிக்காகத்தான் மீதி எல்லாம். பெரும்பாலான நாடகங்கள் முதல் காட்சியிலேயே அப்பாவி யார் என்று காட்டிவிடுகின்றன. பார்க்கிறவர் அப்பாவியின் பக்கம் வசதியாக உட்கார்ந்துகொண்டு, மேடையில் உள்ள மூடர்களைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். அவரே அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

நாங்கள் செய்தது இது. முதல் காட்சி பொற்கொல்லர் தெருவில் ஒரு பட்டறை. ஒரு பெண் தோட்டைக் கையில் வைத்து எடை பார்க்கிறாள்.

'என்ன பத்தரே, நாலு குன்றிமணி குறையுதே?'

'உருக்கும்போது கொஞ்சம் போகும் தாயி.'

'போகும் போகும். எங்க போகும்னுதான் தெரியல.'

கூட்டம் குலுங்கிச் சிரிக்கும். நகைக்கடையில் தான் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி அது. பத்தரும் சிரிப்பார். பகை எதுவும் இல்லை.

அரை மணி நேரம் கழித்து, ஊர் எரிந்து, மழையில்லாமல், நோய் பரவிய காலம். கிணற்றடியில் அதே பெண் சொல்கிறாள்: 'எங்க வீட்டுத் தோட்டிலயும் நாலு குன்றிமணி குறைஞ்சுச்சு.' இப்போது யாரும் சிரிக்கவில்லை. இன்னொருத்தி 'எங்க வீட்டிலயும்' என்கிறாள். கடைசியில் அரண்மனை வாசலில் அதே வாக்கியம் சாட்சியாக ஓலையில் ஏறுகிறது: 'நாலு குன்றிமணி குறைந்தது, மன்னா.'

வாக்கியம் ஒன்று, இடம் மூன்று. முதல் தடவை சிரித்தவர்கள் மூன்றாவது தடவை தலையைக் குனிந்துகொள்வதை நான் மேடை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உங்கள் கதைக்கும் இப்படி ஒரு வாக்கியம் தேடுங்கள். அது பொய்யாக இருக்கக் கூடாது. தோட்டில் உண்மையிலேயே நாலு குன்றிமணி குறைந்துதான் இருக்க வேண்டும். சின்ன உண்மை ஒன்றின் மேல்தான் பெரிய பழி நிற்கும்.

ஐந்தாம் படி: பழி சொல்கிறவருக்கும் ஒரு பசி வேண்டும்

வில்லன் என்று யாரையும் எழுதாதீர்கள். சேலத்தில் பழி சொன்ன சில குடும்பங்களுக்கும் பழிக்கு ஆளான சிலருக்கும் நிலத் தகராறு இருந்தது. எங்கள் நாடகத்தில் பிள்ளையை நோய்க்குப் பறிகொடுத்த ஒரு தகப்பன் வருகிறான். யார் மேலாவது கோபப்பட்டாக வேண்டும் அவனுக்கு. அவன் முதல் கல்லை எடுக்கும்போது பார்வையாளரால் அவனை வெறுக்க முடியாது. அந்தச் சங்கடத்தை இறக்கி வைக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

பழிக்கு ஆளானவரும் தங்கக் கட்டியாக இருக்க வேண்டாம். எங்கள் பத்தர் ஒரு தடவை மாப்பொன் எடுத்தவர்தான். அதற்காகக் கொல்லலாமா என்பதுதான் கேள்வி.

ஆறாம் படி: தப்பிக்க ஒரு கதவு, அதற்கு ஒரு விலை

அதிகாரி பத்தரின் வீட்டுக்கு ராத்திரி வருகிறார். மரியாதையாகப் பேசுகிறார். 'திருட்டுப் பொன் உருக்குகிறவர் இரண்டு பேரைச் சொல்லுங்கள், உங்கள் கதவில் குறி விழாது' என்கிறார். இந்தக் காட்சியில் இசை வேண்டாம். பத்தர் மனைவியைப் பார்க்கட்டும், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கட்டும். எவ்வளவு நேரம் அமைதி தாங்குமோ அவ்வளவு நேரம் விடுங்கள். கிராமத்து மேடையில் அமைதி தாங்காது என்பார்கள். இந்த இடத்தில் தாங்குகிறது.

ஏழாம் படி: சொல்லில் இன்றைய வாடை வரக் கூடாது

'தேசத் துரோகி', 'வதந்தி பரப்புவோர்' என்று ஒரு சொல் நுழைந்தால் போதும், முதல் படியில் நான் சொன்ன விபத்து நடந்துவிடும். அந்தக் காலத்துச் சொல்லே வேலையைச் செய்யட்டும். இதில் நமக்கு ஆசான் விஸ்வநாததாஸ். விடுதலைப் போராட்டக் காலத்து நாடக நடிகர், திருமங்கலத்தில் வாழ்ந்தவர். வள்ளி திருமணத்தில் முருகன் வேடத்தில் வந்து 'கொக்கு பறக்குதடி பாப்பா' என்று பாடுவார். தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சிக்குக் கொக்கு பொருத்தம்தானே. அந்தக் கொக்கு வெள்ளைக் கொக்கு என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது, போலீசுக்கும் புரிந்தது. பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. கொக்கை அவர் விளக்கியிருந்தால் அந்தப் பாட்டு அன்றைக்கே செத்திருக்கும்.

எட்டாம் படி: மாற்றியதைச் சொல்லிவிடுங்கள்

நாடகத்துக்காக மாற்றலாம். மில்லர் நாடகத்தின் அபிகெய்லுக்கு 17 வயது, உண்மையில் அவள் 11, 12 வயதுச் சிறுமி. ஆனால் எதை மாற்றினோம் என்று நோட்டீசின் பின்பக்கம் நாலு வரி போடுங்கள். கூட்டம் பொய்யை நம்பும் விதத்தைக் காட்டுகிற நாடகம், தன் பார்வையாளரிடம் தானே ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பக் கூடாது. பத்தர், தோடு, அதிகாரி எல்லாம் எங்கள் கற்பனை, ஆயிரவர் பலி சிலப்பதிகாரத்தில் உள்ளது, அது வரலாற்றில் நடந்ததற்குக் கல்வெட்டுச் சான்று எதையும் நாங்கள் காட்டவில்லை என்று அச்சடித்தோம். பொற்கொல்லர் தெருவிலேயே போய்ப் பெரியவர்களிடம் பிரதியை முதலில் வாசித்தும் காட்டினோம். பழமொழியை எடுத்துவிடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். 'அது இருக்கட்டும், அதை வைத்துத்தானே கதை' என்றார்கள்.

ஒன்பதாம் படி: மேடையும் அனுமதியும்

ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தின் உறுப்புகள் இதற்கு நன்றாகவே பொருந்தும். கிணற்றடிக் காட்சியை வள்ளி திருமணத் தர்க்கம் மாதிரி மாறி மாறிப் பாட விடலாம், கேட்கிறவருக்கு அந்த வேகம் பழக்கம். பபூன் என்ற கோமாளியை மட்டும் யோசித்துப் பயன்படுத்துங்கள். அவருக்கு இன்றைய அரசியல் பேச மேடையில் பழைய உரிமை உண்டு, தவிர்ப்பது கஷ்டம். நாங்கள் முதல் பாதியின் சிரிப்பு முழுவதையும் அவரிடம் கொடுத்தோம், பட்டறை நையாண்டி உட்பட. இரண்டாம் பாதியில் அவர் வருவார், ஆர்மோனியம் சுருதி பிடிக்கும், அவர் பாடாமல் போய்விடுவார்.

நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்ட வைத்த 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் 1876இல் கொண்டுவந்த நாடகச் சட்டமும் இப்போது இல்லை. ஆனால் பொது இடம், மைக் செட், கூட்டம் இவற்றுக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். எழுத்தில் விண்ணப்பித்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிரதியைக் கேட்டால் மறைக்காதீர்கள். உங்கள் நாடகத்தில் மறைக்க எதுவும் இல்லை, அதுதான் அதன் பலம்.

பத்தாம் படி: முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள்

கடைசிக் காட்சியில் மழை பெய்கிறது. ஊர் கொண்டாடுகிறது. பூட்டிய பட்டறைகளின் முன்னால் அந்தப் பெண் இன்னொரு தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், செப்பனிட ஆள் இல்லை. அவ்வளவுதான், திரை. இயக்குநர் மேடையேறி 'இன்றைக்கும் இதுதான் நடக்கிறது' என்று சொல்ல ஆசைப்படுவார். விடாதீர்கள்.

மைக்கை மட்டும் கீழே இறக்கிக் கொடுங்கள். முதல் பத்து நிமிடம் யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள். நடிப்பு நல்லா இருந்துச்சு என்பார்கள். பொறுத்திருங்கள். மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் இப்படிக் காத்திருந்தபோது, நடுத்தர வயதுக்காரர் ஒருவர் எழுந்தார். 2018இல் அந்தப் பிள்ளை பிடிக்கிற மெசேஜை அவரும் ஏழெட்டுக் குரூப்பில் போட்டாராம். 'பிள்ளைகளைக் காப்பாத்தத்தான் போட்டேன்' என்றார். யாரும் அவரைக் குறுக்கே நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. பத்தர் வேடம் போட்ட தம்பி அரிதாரம் கலைக்காமல் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டான்.